மூனி விமானத்தின் மடங்கும் படி: சரிசெய்வதா, இறக்கிப் பூட்டுவதா, கழற்றிப் போடுவதா?

என் அக்கா மகன் பெர்த்தில் இருக்கிறான். அவனும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்து ஜாண்டகோட் விமான நிலையத்தில் 1966ஆம் ஆண்டில் செய்த மூனி எம்20இ என்ற சிறிய விமானம் ஒன்றைப் பங்கு போட்டு வைத்திருக்கிறார்கள். போன மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது, இறக்கைக்குப் பின்னால் முழுசாக மடங்கியிருக்க வேண்டிய ஏறுபடி பாதி ஏறி, பாதி கீழேயே, போவதா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி நிற்கிறது. கீழே ஒரு வரி: "மாமா, இந்தப் படியை என்ன செய்றது? நாலு பேருக்கும் நாலு கருத்து, நீங்களே சொல்லுங்க."

நான் சிங்கப்பூரின் சிலேத்தார் விமான நிலைய ஹாங்கர்களில் முப்பது வருடத்துக்கு மேல் காலம் ஓட்டியவன். இந்தப் படியைப் பற்றி என்னிடம் கேட்கும் முதல் ஆள் அவன் இல்லை. சிங்கப்பூரில் இருந்துகொண்டு வெளியூரில் பழைய விமானத்தில் பங்கு வைத்திருக்கும் இரண்டு பேர் ஏற்கெனவே கேட்டு, ஜாலான் காயுவில் பிராட்டா தின்றுகொண்டே ஒரு மணி நேரம் பேசியிருக்கிறோம். மறுபடி மறுபடி வாயால் சொல்வதற்கு எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

## முதலில், அது எப்படி வேலை செய்கிறது

மூனியில் கதவு ஒன்றுதான், வலது பக்கம், இறக்கைக்கு மேலே. ஓட்டுகிறவரானாலும் சரி, பின்சீட்டில் உட்காரும் பாட்டியானாலும் சரி, எல்லோரும் அந்த ஒரே வழியாகத்தான் ஏற வேண்டும். இறக்கை தாழ்வானது என்றாலும் தரையிலிருந்து ஒரே எட்டில் ஏற முடியாது, அதற்குத்தான் இறக்கையின் பின்விளிம்பை ஒட்டி உடம்பிலிருந்து இறங்கும் ஒரு படி. பறக்கும்போது அது வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் காற்று தடுத்து வேகம் குறையும். வேகத்தை வைத்தே பெயர் வாங்கிய கம்பெனி சும்மா விடுமா, மடக்கிவிட்டார்கள். அதற்கு முந்தைய விமானங்களில் கையால் மடக்குவது இருந்தது, 1960களின் நடுவில் வேக்குவத்தால், அதாவது காற்றை உறிஞ்சும் பலத்தால், மடக்குவது வந்தது, பிறகு அதையும் விட்டுவிட்டு அசையாத படியாகவே வைத்துவிட்டார்கள். இந்தக் கடைசித் தகவலை மறந்துவிடாதீர்கள், பின்னால் உதவும்.

வேக்குவப் படியின் கதை சுலபம். இன்ஜின் ஓடினால் வேக்குவம் பம்ப் ஓடும். அதிலிருந்து ஒரு கிளை ஹோஸ் பின்னால், சாமான் வைக்கும் இடத்தையும் தாண்டி வால்பகுதிக்குள் இருக்கும் ஒரு ரப்பர் பெல்லோஸுக்கு (துருத்திக்கு) போகிறது. காற்றை உறிஞ்சினால் பெல்லோஸ் சுருங்கும், படியை மேலே இழுக்கும். இன்ஜின் நின்றால் உறிஞ்சல் போய்விடும், ஸ்ப்ரிங் படியைக் கீழே தள்ளும். சுவிட்சும் கிடையாது, மோட்டாரும் கிடையாது. நம் ஊர் தையல் மிஷின் போல எளிமையான வேலை, ரப்பர் நல்லபடியாக இருக்கும் வரைக்கும்.

எவ்வளவு பலம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உறிஞ்சலை அளக்கும் கேஜில் 5 அங்குல பாதரசம் என்றால் ஒரு சதுர செண்டிமீட்டருக்குச் சுமார் 0.17 கிலோ. பெல்லோஸின் முகம் 10 செண்டிமீட்டர் விட்டம் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 13 கிலோ இழுப்பு. அதே கேஜ் 3 அங்குலத்துக்கு இறங்கினால் 8 கிலோ. ஸ்ப்ரிங்கையும், அறுபது வருட அழுக்கு ஏறிய மடங்கும் மூட்டையும், எதிர்க்காற்றையும் அந்த 8 கிலோ வெல்ல வேண்டும். அதனால்தான் வேக்குவம் கொஞ்சம் சோர்ந்தாலும் படி பாதியில் நிற்கிறது.

## எதை வைத்து முடிவு செய்வது

பங்காளிகள் நாலு பேரும் வேகத்தைப் பற்றித்தான் சண்டை போட்டார்களாம். அது கடைசியில் பார்க்க வேண்டியது. என் வரிசை இப்படி.

முதல் கேள்வி, ஜைரோக்களுக்கு (வேகமாகச் சுழலும் சக்கரத்தால் விமானத்தின் சாய்வையும் திசையையும் காட்டும் கருவிகளுக்கு) என்ன ஆகிறது. செயற்கை அடிவானமும் திசை ஜைரோவும் அதே வேக்குவத்தில்தான் சுற்றுகின்றன. படியின் பெல்லோஸில் கிழிசல் என்றால், அது படியின் நோய் மட்டும் இல்லை. கிழிசல் வழியாக வால்பகுதியின் தூசியோடு காற்று நேராக பம்புக்குப் போகிறது, ஜைரோ பக்கம் இருக்கும் வடிகட்டி இதைத் தொடவே தொடாது. எண்ணெய் இல்லாமல் ஓடும் உலர் பம்ப் என்றால் உள்ளே கார்பன் தகடுகள், பழைய ஹோஸின் உட்சுவர் உதிர்ந்து ஒரு துணுக்கு போனாலும் தகடு உடைந்து பம்ப் அந்த நொடியே நிற்கும். முன்னறிவிப்பே கொடுக்காது. மேகத்துக்குள் இருக்கும்போது நின்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது, யார் ஏறுகிறார்கள். மூன்றாவது, கையெழுத்து யார் போடுவார்கள், எந்தக் காகிதத்தை வைத்து. நாலாவது, உதிரிப்பாகம் கிடைக்குமா, கிடைக்கும் வரை விமானம் எத்தனை வாரம் சும்மா நிற்கும். வேகம் ஐந்தாவது. காசு எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டே வரும், தனியாக எண் கொடுக்கவில்லை.

## வாங்குவதற்கு முன் ஒரு சோதனை

மருமகன் ஏற்கெனவே அமெரிக்காவில் ஒரு பழைய சர்வோவுக்கு, அதாவது படியை இழுக்கும் பெல்லோஸ் பாகத்துக்கு, விலை பேசிக்கொண்டிருந்தான். நிறுத்துடா என்றேன். 1965 முதல் மூனியில் இறக்கையைச் சமமாகப் பிடித்து வைக்கும் பிசி என்ற அமைப்பு வந்தது, ஓட்டுகிறவர் கைப்பிடியில் இருக்கும் பொத்தானை அமுக்கினால்தான் அது விலகும். அதுவும் வேக்குவம், அதிலும் ரப்பர் சர்வோக்கள், அவற்றுக்கும் அதே வயது. கசிவு எங்கே என்று தெரியாமல் படியைக் குற்றம் சொன்னால், பல்வலிக்குக் கண்ணாடி மாற்றிய கதைதான்.

சோதனை இப்படி. லைசென்ஸ் உள்ள இன்ஜினியரை அருகில் வைத்துக்கொண்டு, இன்ஜினைச் சோதனை ஓட்ட வேகத்தில் வைத்து கேஜைப் படியுங்கள். இன்ஜினை அணைத்து, படிக்குப் போகும் கிளையைத் துண்டித்து மூடி போட்டு, அதே வேகத்தில் மறுபடி ஓட்டிப் படியுங்கள். அப்புறம் பிசியின் கிளைக்கும் அதே மாதிரி. மருமகன் விமானத்தில் முதலில் 4.2. படியை அடைத்ததும் 4.5. பிசியையும் அடைத்ததும் 4.9. அதாவது படியைவிடப் பெரிய திருடன் பிசியின் பக்கம் இருந்தான்! சர்வோவுக்குப் பணம் அனுப்பியிருந்தால் படி மேலே போயிருக்கும், ஜைரோ அப்படியே சோம்பிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

பெல்லோஸை மட்டும் சோதிக்க, கார் பிரேக் வேலைக்கு வைத்திருக்கும் கையால் அமுக்கும் வேக்குவம் பம்ப் போதும். படியின் ஹோஸைக் கழற்றி, பெல்லோஸ் பக்கம் மட்டும் மாட்டி, 5 அங்குலம் ஏற்றி முள்ளைப் பாருங்கள். நின்றால் பெல்லோஸ் நல்லது. மெதுவாக இறங்கினால் எங்கோ நுண்ணிய வெடிப்பு. ஏறவே இல்லை என்றால் கிழிசல். தவறியும் ஜைரோ பக்கம் இதை மாட்டாதீர்கள், காற்று ஊதவும் ஊதாதீர்கள். மடிப்புகளை விரல் நகத்தால் விரித்து டார்ச் அடித்துப் பார்த்தால், மடிப்பின் அடியில் சாம்பல் நிறத்தில் சிலந்தி வலை மாதிரி கோடுகள் தெரியும். வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே போய்விட்டிருக்கும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| வழி | ஜைரோவுக்கு | ஏறுகிறவருக்கு | காகித வேலை | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| உள்ளதைப் புதுப்பிப்பது | நல்லது, ஆனால் கிளை தொடர்கிறது | நல்லது | குறைவு | காத்திருப்பு |
| பழைய சர்வோ வாங்குவது | சூதாட்டம் | சூதாட்டம் | பாகத்தின் சான்றிதழைப் பொறுத்தது | அதே வயது ரப்பர் |
| இறக்கிப் பூட்டுவது | மிக நல்லது | மிக நல்லது | முன்கூட்டியே கேட்க வேண்டும் | ஓட்டையை மூடுவது |
| மின்சாரமாக மாற்றுவது | மிக நல்லது | பரவாயில்லை | மலை | வயர், எடை, இன்ஜினியர் மணிநேரம் |
| கழற்றிப் போடுவது | மிக நல்லது | மோசம் | எடைக் கணக்கு | ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் மடங்கும் தகடு) வளைவது |

## உள்ளதைப் புதுப்பிப்பது

அசல் பாகத்தையே கழற்றி, பெல்லோஸ் ரப்பரை மாற்றி, ஹோஸ் முழுவதையும் மாற்றி, மடங்கும் மூட்டுகளைச் சுத்தம் செய்து எண்ணெய் விட்டு, ஸ்ப்ரிங்கைப் பார்த்து மறுபடி மாட்டுவது. விமானம் எப்படிப் பிறந்ததோ அப்படியே இருக்கும். இன்ஜினியருக்கும் இது பழுதுபார்ப்புதான், மாற்றம் இல்லை, ஆகவே தலைவலி குறைவு.

சிக்கல், பெல்லோஸைப் புதுப்பிக்க அங்கீகாரம் உள்ள பட்டறைகள் கைவிரல் எண்ணிக்கைகூட இல்லை. வரிசையில் நின்று காத்திருக்க வேண்டும். நான் ஒருமுறை ஒரு பட்டறைக்கு வேறொரு ரப்பர் சர்வோ அனுப்பி, நாலு மாதம் கழித்துத் திரும்பி வந்ததைத் திறந்து பார்த்தால் புது ரப்பரே இல்லை, பழையதன் மேல் பசையும் ஒட்டுத் துணியும். ஜாலான் புசாரில் சைக்கிள் டியூப் ஒட்டுகிறவர் இதைவிடச் சுத்தமாகச் செய்வார். அதனால் அனுப்பும் முன்பே எழுத்தில் கேளுங்கள்: புது ரப்பரா, எத்தனை அங்குலத்தில் எத்தனை நிமிடம் சோதித்தீர்கள், சான்றிதழ் என்ன.

இன்னொன்று. ஹோஸ் மட்டும் போனால் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும் ரப்பர் ஹோஸை வாங்கி மாட்டிவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். உறிஞ்சலில் உட்சுவர் ஒட்டிக்கொள்ளும் ஹோஸும் இருக்கிறது, உதிரும் ஹோஸும் இருக்கிறது, மேலே சொன்ன கார்பன் தகடுதான் விலை கொடுக்கும்.

விமானத்தை அசல் நிலையில் வைத்திருப்பதில் பெருமைப்படுகிறவர்களுக்கு, கண்காட்சிக்கு எடுத்துப் போகிறவர்களுக்கு, பின்னால் விற்கும்போது எல்லாமே வேலை செய்கிறது என்று சொல்ல விரும்புகிறவர்களுக்கு இதுதான் வழி. இன்ஜினை அணைத்ததும் உஸ்ஸென்று படி தானே இறங்குவதைப் பார்க்கும் சுகத்துக்காக மட்டும் செய்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன்.

## பழைய சர்வோ வாங்குவது

உடைத்துப் போட்ட விமானத்திலிருந்து கழற்றியது. மலிவு. ஆனால் உங்கள் ரப்பருக்கு அறுபது வயது என்றால் அதற்கும் அறுபது. டெக்சஸ் வெயிலில் ஹாங்கர் இல்லாமல் நின்றதா, நிழலில் இருந்ததா, யாருக்குத் தெரியும். உலோகப் பாகம் உடைந்துபோய், ரப்பர் நன்றாக இருக்கும் அபூர்வமான நிலையில் மட்டும், அதுவும் கை பம்பில் சோதித்த வீடியோ அனுப்பினால் மட்டும் வாங்கலாம்.

## இறக்கிப் பூட்டுவது

படியைக் கீழ்நிலையில் அசையாமல் பூட்டி, வேக்குவக் கிளையை பிரியும் இடத்திலேயே மூடிவிடுவது. நான் மருமகனுக்குச் சொன்னது இதைத்தான்.

ஏன் என்றால், ஒரு கசிவுப் பாதையே காணாமல் போகிறது. வால்பகுதி வரை ஓடும் ஹோஸ், பெல்லோஸ், இணைப்புகள், ஒவ்வொன்றும் இனிமேல் எப்போது கிழியும் என்ற கவலை இல்லை. மூனி கம்பெனியே பிறகு அசையாத படிக்குப் போனது என்று மேலே சொன்னேன் அல்லவா, ஆகவே இன்ஜினியரிடம் போய் ஏதோ நம் கற்பனை என்று கெஞ்ச வேண்டியதில்லை. ஆனால் எந்த வரைபடத்தின்படி பூட்டுகிறோம், அது சின்ன மாற்றமா பெரிய மாற்றமா என்பதை வேலைக்கு முன்னால் கையெழுத்துப் போடுகிறவரிடம் கேட்டுவிடுங்கள். விமானம் ஆஸ்திரேலிய (விஎச்) பதிவா, அமெரிக்க (என்) பதிவா, மலேசியப் பதிவா என்பதைப் பொறுத்து நடைமுறை மாறும். செய்துவிட்டுக் கேட்டால் சிரித்துக்கொண்டே கழற்றச் சொல்வார்கள்.

வேகம் போகுமே என்பான் பங்காளி. சரி, கணக்குப் பார்ப்போம். 150 நாட் (மணிக்கு 150 கடல் மைல்) போகும் விமானம், படியால் 2 நாட் குறைகிறது என்றே தாராளமாக வைத்துக்கொள்வோம். ஜாண்டகோட்டிலிருந்து கால்கூர்லி சுமார் 290 கடல் மைல். 150இல் 1 மணி 56 நிமிடம். 148இல் ஒன்றரை நிமிடம் கூடுதல். அந்த ஒன்றரை நிமிடத்தை, மருமகன் ஓடுபாதை முனையில் செக்லிஸ்டைத் தேடும் நேரத்திலேயே இரண்டு தடவை செலவழித்துவிடுவான்.

மறைந்த செலவு இல்லாமல் இல்லை. படியின் தண்டு உள்ளே போகும் துளை இனி எப்போதும் திறந்திருக்கும், அடியில் வரும் புகையும் மழைத்தண்ணீரும் உள்ளே போக வழி. மூனியின் கேபின் எஃகுக் குழாய்க் கூண்டு, ஈரம் தங்கினால் துரு பிடிப்பது இந்த வகை விமானத்துக்கே தெரிந்த வியாதி. துளைக்கு ஒரு ரப்பர் உறை போட்டு, வருடாந்திரச் சோதனையில் உள்ளே டார்ச் அடித்துப் பார்ப்பது கட்டாயம். பூட்டும்போது ஸ்ப்ரிங்கை மட்டும் நம்பி விட்டுவிடக் கூடாது. ஸ்ப்ரிங் தளர்ந்தால் காற்றில் படி ஆடி டொக் டொக்கென்று அடிக்கும், ஓட்டுகிறவர் இன்ஜின் கோளாறு என்று நினைத்துப் பயந்துவிடுவார்.

எல்லாவற்றையும்விட, ஏறுகிறவருக்கு இதுவே நல்லது. மடங்கும் படியில் எனக்குப் பிடிக்காத ஒன்று உண்டு: இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது படி மேலேதான் இருக்கும். என் மச்சான் ஒருமுறை, இன்ஜின் ஓடும்போதே அவசரமாக இறங்கினார். முன்னால் காற்றாடி சுற்றும் விமானத்தில் அப்படி இறங்கவே கூடாது, அது வேறு திட்டு. ஏறும்போது இருந்த படி இருக்கிறது என்று காலை நீட்டினார், கால் காற்றில் போனது. முழங்காலுக்குக் கீழே ஒரு விரல் நீளத்துக்குத் தோல் உரிந்தது. அசையாத படி எப்போதும் அதே இடத்தில் இருக்கும்.

## மின்சாரமாக மாற்றுவது

பங்காளிகளில் ஒருவர் ஐடிக்காரர், அவருக்குப் பிடித்த யோசனை. சிம் லிம் டவரில் ஒரு சின்ன மோட்டார் ஆக்சுவேட்டர் வாங்கி, ஒரு சுவிட்ச், ஒரு ஃபியூஸ், முடிந்தது என்றார். மேசை மேல் முடியும். விமானத்தில் அந்த மோட்டாருக்கு அங்கீகாரம் வேண்டும், வயருக்குச் சுமைக் கணக்கு வேண்டும், சர்க்யூட் பிரேக்கர் வேண்டும், பாதியில் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசித்த வடிவமைப்பு வேண்டும், வால்பகுதியில் எடை கூடுவதால் ஈர்ப்பு மையக் கணக்கு திருத்த வேண்டும். ஏற்கெனவே அங்கீகரிக்கப்பட்ட மாற்றுத் தொகுப்பு உங்கள் மாடலுக்கு இருந்தால் மட்டும் யோசிக்கலாம். ஒன்றரை நிமிடத்துக்கு இவ்வளவா?

## கழற்றிப் போடுவது

எடை குறையும், காற்று இழுப்பு போகும், வேக்குவம் காப்பாற்றப்படும். இருபத்தைந்து வயதுக்காரர்கள் இரண்டு பேர் மட்டும் பறக்கும் விமானம் என்றால் காகிதத்தில் அழகாக இருக்கும். நடைமுறையில், படி இல்லாத இடத்தில் மனிதன் கால் வைக்கக் கிடைக்கும் அடுத்த இடம் ஃபிளாப். மிதிக்காதே என்று எழுதி ஒட்டினாலும் மிதிப்பார்கள், ஃபிளாப் வளைந்தால் படியைப் புதுப்பிக்கும் செலவைவிட அதிகமாகப் போகும். வயதான அம்மாவை அழைத்துப் போகும் நாளில் ஒரு பிளாஸ்டிக் முக்காலியை எடுத்து வந்து, ஏற்றிவிட்டு, முக்காலியை யாரிடம் கொடுப்பது என்று முழிக்க வேண்டும். இதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

## மருமகன் என்ன செய்தான்

நாலு பேரில் மூன்று பேர் பூட்டுவதற்கு ஒத்துக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் அசல் அசல் என்று அடம். அவருக்காக ஒரு சமாதானம் சொல்லி அனுப்பினேன்: பெல்லோஸை எறியாதீர்கள், கழற்றி, டால்கம் பவுடர் தூவி, காற்றுப் புகாத பையில் போட்டு, பாகத்தின் எண்ணை எழுதி விமானத்தின் காகிதங்களோடு வையுங்கள். என்றைக்காவது புது ரப்பர் கிடைத்தால் மறுபடி மாட்டலாம், விற்கும்போதும் வாங்குகிறவருக்குக் கொடுக்கலாம். ஆனால் கழற்றிய எடையை எடைத் தாளில் எழுத மறக்காதீர்கள், சின்ன எடைதான், ஆனால் வால்பகுதியில் இருப்பதால் ஈர்ப்பு மையத்திலிருந்து தூரம் பெரிது.

பிசியின் கசிவு வேலை தனியாக, முதலில். அது முடிந்து கேஜின் முள் பச்சை வரம்புக்குள் நின்ற பிறகுதான் படிக்குக் கை வைக்கச் சொன்னேன். நேற்று ராத்திரி மறுபடி ஒரு படம் வந்தது: மூடியின் மேல் கிளாம்ப், பக்கத்தில் தேதி எழுதிய டேப், பின்னால் மங்கலாக அவன் கட்டைவிரல். கிளாம்பின் திருகு சுவரைப் பார்த்து இருந்தது, அடுத்த வருடம் ஸ்க்ரூடிரைவர் நுழையாது. திருப்பி மாட்டச் சொல்லியிருக்கிறேன்.